வாசா: நீரில் பிழைத்த கப்பல், காற்றில் படும் பாடு

கட்டி முடித்துப் பாய் விரித்த முதல் நாளிலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் கூடப் போகாமல் கவிழ்ந்த போர்க்கப்பல் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அன்று புயல் இல்லை. கப்பல் பாறையில் மோதவில்லை. எதிரி எவரும் அதன்மீது சுடவில்லை. கரையில் கூடி நின்று வேடிக்கை பார்த்த ஊர்மக்களின் கண்ணெதிரே அது மூழ்கிவிட்டது. இது நடந்தது 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில். கப்பலின் பெயர் வாசா. அந்நாட்டு அரச குலத்தின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

அதே கப்பலை இன்று நீங்கள் அதே நகரில் பார்க்கலாம். உடைந்த துண்டுகளை அல்ல, மாதிரியை அல்ல; முழுக் கப்பலையே! அதன் மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் பழைய மரம். பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் வேறெதுவும் இப்படி ஏறத்தாழ முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டாக்ஹோம் பதினான்கு தீவுகளின் மேல் எழுந்த நகரம். மேலாரன் என்னும் பெரிய ஏரியின் நன்னீர், பால்டிக் கடலில் கலக்கும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பிழைத்த கதைக்கு இது தேவைப்படும். யூர்கோர்டன் என்ற தீவில், தண்ணீர்க் கரையை ஒட்டி வாசா அருங்காட்சியகம் இருக்கிறது. கூரைக்கு மேலே பாய்மரங்களைப் போல மூன்று கம்பங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பாய்மரங்களோடு நின்றபோது கப்பல் எவ்வளவு உயரம் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. அடியிலிருந்து உச்சிவரை 52 மீட்டருக்கும் மேல்! நீளமோ, முன்னால் நீட்டியிருக்கும் மரத்தையும் சேர்த்து 69 மீட்டர். அகலம் மட்டும் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த மூன்று எண்களையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

ஏன் கவிழ்ந்தது?

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். உயரமான, ஒடுக்கமான தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் கொஞ்சம் கூழாங்கற்களைப் போட்டு, வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் பாருங்கள். டப்பா ஆடி ஆடித் தானே நிமிர்ந்துவிடும். இப்போது சில கற்களை அடியிலிருந்து எடுத்து, டப்பாவின் மூடிமேல் வையுங்கள். மொத்த எடை மாறவில்லை. ஆனாலும் லேசாகத் தொட்டாலே டப்பா குப்புறக் கவிழ்ந்துவிடும்.

காரணம் இதுதான். மிதக்கும் பொருள் ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது. நீரும் அந்தப் பக்கத்தை அதிகமாக மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளல்தான் கப்பலை நிமிர்த்துகிறது. ஆனால் கப்பலின் ஈர்ப்பு மையம் மிக உயரத்தில் இருந்தால், சாய்ந்தவுடன் கப்பலின் எடையே அதை மேலும் சாய்க்கத் தொடங்கிவிடும். அகலமான கப்பலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஒடுக்கமான கப்பலுக்கு அதிகம்.

வாசாவில் இரண்டு அடுக்குகளில் பீரங்கிகள் இருந்தன. கனமான வெண்கலப் பீரங்கிகள், மொத்தம் 64. அவற்றைத் தாங்குவதற்காக மேல்தளங்களையும் கனமான மரத்தால் கட்டியிருந்தார்கள். கப்பலை நிமிர்த்தி வைக்க அடியில் 120 டன் கற்களைப் போட்டார்கள். அது போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருந்தால் கப்பல் மேலும் அமிழ்ந்து, பீரங்கிகளின் கீழ்வரிசைத் துவாரங்கள் நீர்மட்டத்தை நெருங்கியிருக்கும். நோய் உடம்பின் அமைப்பிலேயே இருந்தது. மருந்தால் தீரக்கூடியதாக இல்லை.

அன்று மாலை மெல்லிய காற்றுதான் வீசியது. முதல் வீச்சில் கப்பல் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது. அடுத்த வீச்சில் மீண்டும் சாய்ந்தபோது, திறந்திருந்த கீழ்வரிசைத் துவாரங்கள் வழியாக நீர் புகுந்தது. அவ்வளவுதான். ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். முதல் பயணத்தில் சிறிது தூரம் உடன் வரலாம் என்று மாலுமிகளின் குடும்பத்தாருக்கும் அனுமதி தந்திருந்தார்கள். ஆகவே இறந்தவர்களில் பெண்களும் உண்டு. பல ஆண்டுகளாக ஆணுடையது என்று கருதப்பட்ட ஓர் எலும்புக்கூடு, உண்மையில் ஒரு பெண்ணுடையது என்று மரபணுச் சோதனை மூலம் 2023-இல் தெரியவந்தது.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. கப்பல் புறப்படுவதற்கு முன்பே அதைச் சோதித்திருந்தார்கள். முப்பது மாலுமிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சேர்ந்து ஓடச் சொன்னார்கள். மூன்று முறை ஓடுவதற்குள் கப்பல் பயங்கரமாக ஆடியது. பிளெமிங் என்னும் கடற்படைத் தலைவர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். சோதனையைத்தான் நிறுத்தினார், பயணத்தை அல்ல. மன்னர் குஸ்தாவ் அடால்ப் அப்போது அயல்நாட்டில் போரில் இருந்தார். கப்பல் விரைவில் வரவேண்டும் என்று அங்கிருந்து வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய் "இது மிதக்காது" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பிறகு விசாரணை நடந்தது. பீரங்கிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன, மாலுமிகள் குடித்திருக்கவில்லை. தலைமைக் கப்பல்கட்டுநரோ ஓராண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்குப்பின் வேலையை முடித்தவர், மன்னர் ஒப்புக்கொண்ட அளவுகளின்படிதான் கட்டினேன் என்றார். முடிவில் யாருக்கும் தண்டனை இல்லை. ஒருவகையில் இது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிதக்கும் கப்பல் நிலையாக நிற்குமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிடும் முறை அன்று யாரிடமும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் பியேர் புகேர் அந்தக் கணக்கை நூலாக எழுதியது 1746-இல்தான். ஆனால் முப்பது பேர் ஓடிக் காட்டிய பாடத்துக்குக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லையே!

அருங்காட்சியகத்தில் சிறிய பொருள் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: தச்சர்களின் அளவுகோல்கள். கப்பலுக்குள் கிடைத்தவற்றில் சில சுவீடன் அடியில் அமைந்தவை; அதில் ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். மற்றவை ஆம்ஸ்டர்டாம் அடியில் அமைந்தவை. அதில் பதினோரு அங்குலம். வெவ்வேறு நாட்டுத் தச்சர்கள் ஒரே கப்பலில் வெவ்வேறு அளவுகோல்களோடு வேலை செய்திருக்கிறார்கள். கப்பலின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை என்பது இக்காலத்தில் அளந்தபோது தெரிந்தது. அலகு எழுதாமல் விடை எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கடலடியில் 333 ஆண்டுகள்

கப்பல் கிடந்தது 32 மீட்டர் ஆழத்தில். 1660-களில் துணிச்சல் மிக்க சிலர் அதன் பீரங்கிகளை எடுக்க இறங்கினார்கள். அவர்களுடைய கருவி, கவிழ்த்துப் போட்ட பெரிய மணி ஒன்றுதான். தம்ளரைக் கவிழ்த்து நேராக நீரில் அமிழ்த்தினால் உள்ளே காற்று தங்குகிறதல்லவா? அதே முறைதான். மணிக்குள் தொங்கும் பலகையில் நின்றபடி ஒருவர் கீழே போவார். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 32 மீட்டரில், மணிக்குள் இருந்த காற்று கால் பங்குக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும். மார்பளவு குளிர்ந்த நீர், கண்ணுக்கு எட்டாத இருள், கையில் ஒரு கொக்கி. இப்படியே ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை வெளியே எடுத்துவிட்டார்கள்! அதன்பின் ஊரார் கப்பலை மறந்தார்கள்.

மரம் மட்டும் அழியவில்லை. பெருங்கடல்களில் மூழ்கும் மரக்கப்பல்களுக்குப் பெரிய எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. மரத்தைக் குடைந்து குடைந்து சல்லடையாக்கிவிடும். நம் கடற்கரைகளில் மரத்தோணி வைத்திருப்பவர்களைக் கேட்டால் அதன் கொடுமையைச் சொல்வார்கள். அது வாழ உப்பு வேண்டும். ஒரு லிட்டர் பெருங்கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். பால்டிக் கடலில் ஆறுகளும் ஏரிகளும் ஓயாமல் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால், ஸ்டாக்ஹோமை ஒட்டிய நீரில் ஏறத்தாழ ஐந்து கிராம்தான் இருக்கிறது. கப்பல் புழுவால் அங்கே வாழ முடிவதில்லை.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டவர் ஆண்டர்ஸ் பிரான்சேன் என்னும் பொறியாளர். புழு இல்லாத கடலில் பழைய மரக்கப்பல்கள் முழுதாகக் கிடக்க வேண்டுமே என்று அவர் எண்ணினார். பழைய ஆவணங்களைப் படித்தார். படகில் போய், கூரான எஃகு உளி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் போட்டுப் போட்டு எடுத்தார். 1956 ஆகஸ்டில் ஒரு நாள் அந்த உளியோடு கருத்துப்போன கருவாலி மரத்துண்டு ஒன்று மேலே வந்தது. கப்பல் கிடைத்துவிட்டது.

கடற்படை மூழ்காளர்கள் கப்பலுக்குக் கீழே சேற்றில் ஆறு சுரங்க வழிகளைத் தோண்டினார்கள். மேலே பழங்கப்பல், சுற்றிலும் இருட்டு, கையில் நீர் பாய்ச்சும் குழாய். நினைத்தாலே நடுங்குகிறது, இந்த வேலையில் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்பது பெரிய வியப்பு. அந்த வழிகளில் எஃகு வடங்களைச் செலுத்தி, 1959-இல் கப்பலைச் சேற்றிலிருந்து தூக்கி, சிறிது சிறிதாகப் பதினெட்டுத் தவணைகளில் ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். இரும்பு ஆணிகள் துருப்பிடித்துப் போன இடமெல்லாம் ஓட்டைகள். அவற்றை மூழ்காளர்கள் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். 1961 ஏப்ரல் 24-ஆம் நாள் வாசா நீருக்கு மேலே தலைகாட்டியது.

உலர விட்டால் உடையும்

கப்பல் மேலே வந்தபிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. 333 ஆண்டுகள் ஊறிய மரத்தில், ஒவ்வொரு செல்லும் நீரால் நிரம்பியிருந்தது. அந்த நீர் வெளியேறினால் செல் சுவர்கள் ஒடுங்கும். மரம் சுருங்கி வெடித்துவிடும். ஆகவே நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்கவும் வேண்டும்.

இதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால். முகப்பூச்சுகளிலும் களிம்புகளிலும் சேர்க்கும் மெழுகு போன்ற பொருள்தான். நீரில் கரையும், மரத்துக்குள் நுழைந்து நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரைசலைக் கப்பல் முழுவதும் தெளித்தார்கள். எத்தனை நாள் என்கிறீர்கள்? 1962 முதல் 1979 வரை, பதினேழு ஆண்டுகள்! பிறகு மெல்ல மெல்ல உலரவிட்டார்கள். அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள். இன்றைய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1990-இல். தெளிப்பு தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், அது முடிந்தபோது நடுவயதைத் தொட்டிருப்பார்.

இனிக் கவலையில்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2000-ஆம் ஆண்டுக் கோடையில் மழை அதிகம். நனைந்த உடையோடு கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். உள்ளே காற்றில் ஈரம் ஏறியது. அப்போது கப்பலின் மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டார்கள். தொட்டுச் சோதித்தால் அமிலம்! மரத்துக்குள் கந்தக அமிலம் உருவாகிக்கொண்டிருந்தது.

கந்தகம் எங்கிருந்து வந்தது? ஸ்டாக்ஹோம் நகரத்தின் கழிவுநீர் நூற்றாண்டுக் கணக்கில் அந்தத் துறைமுகத்தில்தான் கலந்தது. கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்தன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறுவகைப் பாக்டீரியங்கள் பெருகின. அவை கடல்நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குபவை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அந்த வாயுதான். ஆக்சிஜன் இல்லாததால் மரத்தைத் தின்னும் உயிர்கள் அண்டவில்லை, கப்பல் பிழைத்தது. ஆனால் அதே காலத்தில் மரத்துக்குள் கந்தகம் குடியேறிக்கொண்டிருந்தது. காப்பாற்றிய சேறே நஞ்சையும் ஊட்டிவிட்டது!

நீருக்குள் இருந்தவரை அந்தக் கந்தகம் சும்மா கிடந்தது. வெளியே வந்ததும் காற்றின் ஆக்சிஜன் கிடைத்தது, ஈரமும் கிடைத்தது. துருப்பிடித்த ஆணிகளிலிருந்து மரத்தில் ஊறியிருந்த இரும்பு, வினையூக்கியாக நின்று வேலையை விரைவுபடுத்தியது. மரத்திலுள்ள கந்தகம் முழுவதும் மாறினால் ஐயாயிரம் கிலோ வரை அமிலம் உண்டாகலாம் என்று 2002-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவ்வளவு கந்தகத்தையும் வெளியே எடுக்க வழியில்லை. வினையின் வேகத்தைத்தான் குறைக்க முடியும். அதற்கு ஒரே வழி, காற்றின் வெப்பமும் ஈரமும் மாறாமல் பார்த்துக்கொள்வது.

இது எளிதன்று. சும்மா நிற்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறார். மூச்சில் ஈரத்தையும் விடுகிறார். ஆயிரம் பேர் உள்ளே வந்தால், ஆயிரம் பல்புகளும் ஆயிரம் ஈரத்துணிகளும் உள்ளே வந்தது போல. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான மக்கள் வருகிறார்கள்! ஆகவே பெரிய குளிர்பதன இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடி, வெப்பத்தை 20 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழும், ஈரப்பதத்தை 55 விழுக்காட்டை ஒட்டியும் நிறுத்தி வைக்கின்றன. உள்ளே வெளிச்சமும் மங்கல்தான். படம் பிடிக்க முடியவில்லையே என்று சிலர் குறைபடுவார்கள். ஒளியும் மரத்துக்கு நல்லதல்ல என்பதை அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கப்பல் என்பது எல்லாப் பக்கமும் நீர் தாங்கிக்கொள்ளும் என்று நம்பிக் கட்டியது. இப்போது அது தரையில், சில தாங்கிகள்மேல் நிற்கிறது. வலுவிழந்த மரம் தன் எடையாலேயே மெல்ல அமுங்குகிறது. கப்பலின் உடலில் பல நூறு புள்ளிகளைக் குறித்துவைத்துக் கருவிகளால் அளந்து வருகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. சிறிய எண்தான். நூறாண்டில் பத்து சென்டிமீட்டர் என்று பெருக்கிப் பார்த்தால் அச்சம் வரும். 1960-களில் மாட்டிய இரும்பு மரையாணிகளும் துருப்பிடித்ததால், 2011 முதல் 2018 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை மாட்டினார்கள். தாங்கிகளையும் புதிதாக அமைக்கும் வேலை 2024-இல் தொடங்கியது.

நீங்கள் போனால்

என்றேனும் அந்த நகருக்குப் போக வாய்த்தால், முதலில் கப்பலின் பின்புறத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சிங்கங்கள், வீரர்கள், தேவதைகள் என மரச் சிற்பங்கள் அடர்ந்திருக்கும். கப்பல் முழுவதிலுமாக நூற்றுக்கணக்கான சிற்பங்கள் உண்டு. இன்று எல்லாம் கரும்பழுப்பு. அன்று வண்ணம் பூசிப் பளபளத்தவை. பின்னணி நீலமாக இருந்திருக்கும் என்று நெடுநாள் எண்ணினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்தபோது சிவப்பு என்று தெரிந்தது. பிறகு கீழ்த்தளத்துக்கு வாருங்கள். மாலுமிகளின் செருப்பு, கரண்டி, மரக்கிண்ணம் எல்லாம் அங்கே இருக்கின்றன. எனக்குப் பீரங்கிகளைவிட இவற்றின்மேல்தான் விருப்பம்.

வெளியே வந்தால் அதே தீவில் ஸ்கான்சென் இருக்கிறது. 1891-இல் ஆர்தூர் ஹசேலியுஸ் என்பவர் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பகல் முழுவதும் சுற்றலாம்.

ஆனால் நேரம் குறைவென்றால், 2021-இல் திறந்த வ்ராக் என்னும் சிறிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதுவும் யூர்கோர்டனில்தான் இருக்கிறது. வ்ராக் என்றால் மூழ்கிய கப்பல் என்று பொருள். அங்கே கப்பல் ஒன்றுகூட இல்லை! பால்டிக் கடலடியில் கிடக்கும் கப்பல்களைக் கடலிலேயே விட்டுவிட்டு, மூழ்காளர்கள் எடுத்த படங்களையும் அளவுகளையும் கொண்டு திரையில் காட்டுகிறார்கள். வாசா கற்பித்ததன் விளைவு இது. ஒரு கப்பலை வெளியே எடுத்தால், அதன்பின் எத்தனை தலைமுறைகள் அதற்குக் காவல் இருக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டதே.

வாசாவுக்கு ஒரு தங்கைக் கப்பல் உண்டு. பெயர் எப்லெட், ஆப்பிள் என்று பொருள். 1629-இல் நீரில் இறக்கினார்கள். வாசாவை முடித்துக்கொடுத்த அதே கப்பல்கட்டுநர், இதைச் சற்று அகலமாகக் கட்டினார். அது கவிழவில்லை; முப்பது ஆண்டுகள் கடலில் ஓடியது. பழையதானபின் 1659-இல், பகைவர் வழியை அடைப்பதற்காகத் தாங்களே அதை மூழ்கடித்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே வாக்ஸ்ஹோம் தீவை ஒட்டி மூழ்காளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சிறிய மரத்துண்டு ஒன்றை மட்டும் எடுத்துவந்து, அதிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணினார்கள். அந்தக் கருவாலி மரம் வெட்டப்பட்டது 1627-இல், வாசாவுக்கு மரம் வெட்டிய அதே மேலாரன் வட்டாரத்தில்.

துண்டைப் பார்த்தார்கள், அளவுகளைக் குறித்துக்கொண்டார்கள். எப்லெட்டை அது கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே வந்தார்கள்.